உருளைக்கிழங்கு வறுவலில் அக்ரிலமைடைக் குறைப்பது எப்படி?

எங்கள் வீட்டில் உருளைக்கிழங்கு வறுவல் என்றால், ஓரம் கருத்து மொறுமொறுவென்று இருக்கும் துண்டுகளுக்குத்தான் போட்டி. "இன்னும் ரெண்டு நிமிஷம் கிடக்கட்டும்டி" என்பார் அம்மா. வாணலியின் அடியில் ஒட்டியதைச் சுரண்டி எடுப்பது தம்பியின் பங்கு. அந்த ரெண்டு நிமிஷத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். வறுவலை விடச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

அக்ரிலமைடு என்பது புற்றுநோய் உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் ஒரு வேதிப்பொருள். முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இதை யாரும் கிழங்கில் கலப்பதில்லை. உருளைக்கிழங்கில் இயல்பாகவே அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் நிறைய இருக்கிறது. கூடவே குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் சர்க்கரைகளும் இருக்கின்றன. சூடு ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இவை ஒன்றோடொன்று வினைபுரிந்து அக்ரிலமைடு உண்டாகிறது. வறுவலுக்குச் சிவந்த நிறமும் வாசனையும் வருவதும் இதே வினையால்தான். துண்டில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஈரம் வற்றிய பிறகுதான் மேல்பரப்பு கிடுகிடுவென்று சூடேறும். அதனால் அம்மாவின் கடைசி இரண்டு நிமிடத்தில் சேர்வதுதான் அதிகம். இட்லி, இடியாப்பம், புட்டு, அவித்த கிழங்கு எல்லாம் ஆவியிலும் நீரிலும் வேகிறவை. அவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

இது தெரியவந்த கதை விசித்திரமானது. 1997இல் தெற்கு ஸ்வீடனில் ஹாலந்சோஸ் என்ற மலை முகட்டைக் குடைந்து ரயில் சுரங்கம் தோண்டினார்கள். நீர்க்கசிவை அடைக்கப் பயன்படுத்திய பூச்சில் இருந்த அக்ரிலமைடு ஓடையில் கலந்தது. மீன்கள் செத்தன, அந்தத் தண்ணீரைக் குடித்த மாடுகள் கால் தள்ளாடி விழுந்தன. தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சுரங்கத்தின் பக்கமே போகாதவர்களின் ரத்தத்தையும் எடுத்தார்கள். அதிலும் அக்ரிலமைடின் தடம்! இது எப்படி என்று ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தில் மார்கரேட்டா டோர்ன்க்விஸ்ட் குழு தேடியது. வறுத்த தீவனத்தைத் தின்ற எலிகளின் ரத்தத்திலும் அதே தடம் கூடியிருந்தது. கடைசியில் 2002 ஏப்ரலில், சிப்ஸிலும் ரொட்டியிலும் அக்ரிலமைடு இருக்கிறது என்று ஸ்வீடன் உணவுத் துறையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து அறிவித்தன. மனிதன் நெருப்பில் சுடத் தொடங்கிய நாளிலிருந்து தின்றுவருவது நமக்குத் தெரியவந்து கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை.

ஆபத்து எவ்வளவு? உடலுக்குள் போன அக்ரிலமைடில் ஒரு பகுதி கிளைசிடமைடு என்ற வேறொரு வேதிப்பொருளாக மாறி டிஎன்ஏவைச் சேதப்படுத்தக்கூடியது. எலிகளுக்கு நிறையக் கொடுத்தபோது புற்றுநோய் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994லேயே இதை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்கும் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றில் சேர்த்துவிட்டது. ஆனால் அந்த எலிகளுக்குக் கொடுத்த அளவு நாம் உணவில் தின்பதைவிடப் பல மடங்கு அதிகம். மனிதர்களின் உணவுப் பழக்கத்தை வைத்துச் செய்த ஆய்வுகளில் உறுதியான தொடர்பு இதுவரை தென்படவில்லை. 2015இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இரண்டையும் எடைபோட்டு, உணவிலுள்ள அக்ரிலமைடு புற்றுநோய் ஆபத்தைக் கூட்டக்கூடும் என்ற முடிவுக்கு வந்தது. எடை குறைவான குழந்தைகளுக்கு, அதே அளவு தின்றாலும் உடல் எடைக்கு விகிதம் கூடிவிடும். இன்னொன்று: புகைபிடிப்பவர்களின் ரத்தத்தில் இந்தத் தடம் மற்றவர்களைவிடப் பல மடங்கு இருக்கும். சிகரெட்டைப் பிடித்துக்கொண்டே வறுவலைத் திட்டுபவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இனி அடுப்படிக்குப் போவோம்.

படி 1: கிழங்கைத் தேர்ந்தெடுங்கள்.
குளிர்பதனக் கிடங்கில் நாள்கணக்காகக் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும். அவித்தால் லேசாக இனிக்கும். எண்ணெயில் போட்டால் உள்ளே வேகும் முன்பே வெளியே சிவந்துவிடும். அப்படிப்பட்ட கிழங்கு குழம்புக்கும் மசாலாவுக்கும் போகட்டும். வாங்கிய கிழங்கைச் சமையலறையில் இருட்டான, காற்றோட்டமுள்ள மூலையில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது என்று பல நாடுகளில் சொன்னார்கள். பிரிட்டன் உணவுத் தர அமைப்பு 2023இல் அந்த அறிவுரையைத் தளர்த்திவிட்டது. நான் வறுவலுக்கான கிழங்கை மட்டும் இன்னும் வெளியில்தான் வைக்கிறேன்.

படி 2: கொஞ்சம் தடிமனாக நறுக்குங்கள்.
வினை நடப்பது மேல்பரப்பில். மெல்லிய வில்லையில் மேல்பரப்புதான் அதிகம், உள்ளீடு குறைவு.

படி 3: ஊறவையுங்கள்.
பலர் தவறவிடும் படி இது. நறுக்கிய துண்டுகளைத் தண்ணீரில் 15 முதல் 30 நிமிடம் போடுங்கள். சர்க்கரையும் அஸ்பராஜினும் கொஞ்சம் கரைந்து வெளியேறும். தண்ணீர் கலங்கியதும் ஒருமுறை மாற்றுங்கள். பிறகு வடிகட்டி, துணியில் பரப்பி நன்றாகத் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் தெறிக்கும். நேரம் இல்லையா? கொதிக்கும் நீரில் அரைவேக்காடாக வேகவைத்து வடித்துவிடுங்கள். இதிலும் கரைந்து போகும். வாணலியில் கிடக்கும் நேரமும் குறையும். நம் ஊரில் பல வீடுகளில் காலங்காலமாக இப்படித்தான் செய்கிறார்கள்.

படி 4: தீயை மிதமாக வையுங்கள்.
எண்ணெய் 175 டிகிரியைத் தாண்டாமல் இருப்பது நல்லது. வெப்பமானி நம்மிடம் ஏது? எண்ணெய் புகையத் தொடங்கினால் எல்லை எப்போதோ தாண்டியாயிற்று. ஒரு துண்டைப் போட்டதும் சுற்றிலும் நிதானமாகக் குமிழி வந்தால் சரி. ஏர் ஃப்ரையரிலும் இதே கதைதான். 200 டிகிரியில் வைத்துக் கருக்கினால் எண்ணெய் மிச்சமாகும், அக்ரிலமைடு குறையாது.

படி 5: மிளகாய்த்தூளைக் கடைசியில் போடுங்கள்.
இது நான் சொந்தமாகப் பட்டுத் தெரிந்துகொண்டது. மஞ்சளும் மிளகாயும் ஆரம்பத்திலேயே பிரட்டினால் கிழங்கின் நிறமே தெரியாது. எது மசாலாச் சிவப்பு, எது தீய்ந்த சிவப்பு? கிழங்கை முதலில் வதக்கி, இறக்குவதற்குச் சற்று முன் தூளைப் போட்டால் கண் ஏமாறாது.

படி 6: பொன்னிறத்தில் இறக்குங்கள்.
வாணலியை இறக்கிய பிறகும் அதன் சூட்டில் துண்டு இன்னும் ஒரு சாயல் சிவக்கும். அதனால் நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு சாயல் முன்பே ஜல்லிக்கரண்டியால் அரித்தெடுங்கள். கருகிய துண்டுகளைத் தனியே ஒதுக்குங்கள். (தம்பி மன்னிக்க.)

டோஸ்ட், பிஸ்கெட், தோசை மூன்றுக்கும் இதே நிறக் கணக்குதான். தோசையைத் தீய்ந்த காபி நிறத்துக்கு விடாமல் எடுத்தால் சரி.

காபிதான் இந்தக் கணக்கில் அடங்காதது. கொட்டையை வறுக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் அக்ரிலமைடு உச்சத்துக்குப் போய், மேலும் வறுக்க வறுக்கச் சிதைந்து குறைகிறது. ஆக, கருக வறுத்த கொட்டையில் இளவறுவலைவிடக் குறைவு. ஃபில்டர் காபிக்காரர்கள் கவனிக்க வேண்டியது சிக்கரியை. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஏப்ரல் முதல் நடைமுறைப்படுத்திய விதிகளில், வறுத்த காபிக்கு வைத்த அளவுகோல் கிலோவுக்கு 400 மைக்ரோகிராம். சிக்கரியை மட்டும் கொண்ட பொடிக்கு 4000. உருளைக்கிழங்கு சிப்ஸுக்கு 750. கடையில் "சிக்கரி எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டால் நான் இப்போது கொஞ்சம் குறைத்தே சொல்கிறேன்.

முதல் தடவை செய்பவர்கள் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரே கிழங்கைப் பாதியாக்கி, ஒரே தடிமனில் நறுக்கி, ஒரு பாதியை மட்டும் அரை மணி நேரம் ஊறவையுங்கள். துடைத்துவிட்டு ஒரே வாணலியில், ஒரே நேரத்தில், இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் போடுங்கள். எந்தப் பக்கம் முதலில் சிவக்கிறது என்று பார்த்துக்கொண்டே நில்லுங்கள்.