மானியத்தோடு தொழில் கடன்: விண்ணப்பிக்கும் முன்னும் பின்னும்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் தரப்படும் மானியம், தொழில் தொடங்குபவரின் கைக்கு ரொக்கமாக வருவதில்லை. கடன் கொடுத்த வங்கியிலேயே மூன்று ஆண்டுகளுக்கு வைப்புத்தொகையாக அது கிடக்கும். அதற்கு வட்டி சேராது, கடனில் அந்த அளவு தொகைக்கு வங்கியும் வட்டி கேட்காது. மூன்று ஆண்டு முடிந்து, தொழில் நடப்பதை நேரில் பார்த்து உறுதி செய்த பிறகே அது கடன் கணக்கில் வரவு வைக்கப்படும். ஆகவே இத்திட்டத்தை அரசு தரும் பணமாகக் கருதாமல், அரசு பாதி வழி துணைக்கு வரும் வங்கிக் கடனாகக் கருதி அணுகுவதே சரி.

கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். கிராமத்தில் 20 லட்சம் ரூபாயில் எண்ணெய்ச் செக்கு ஆலை தொடங்கப் பொதுப்பிரிவைச் சேர்ந்த ஓர் ஆண் திட்டமிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சொந்த முதலாக 10 சதவீதம், அதாவது 2 லட்சம் அவர் போட வேண்டும். மீதி 18 லட்சம் வங்கிக் கடன். மானியம் 25 சதவீதம், அதாவது 5 லட்சம் என்பதால் அவர் வட்டி கட்டுவது 13 லட்சத்துக்கு. அதே ஆலையை ஒரு பெண் தொடங்கினால் சொந்த முதல் 5 சதவீதம்தான். மானியமோ 35 சதவீதம், அதாவது 7 லட்சம். பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர், முன்னாள் படைவீரர் ஆகியோருக்கும் இதே சலுகை உண்டு. ஆலையை நகராட்சி எல்லைக்குள் அமைத்தால் மானியம் பொதுப்பிரிவுக்கு 15 சதவீதமாகவும், மற்றவர்களுக்கு 25 சதவீதமாகவும் குறைந்துவிடும். இடத்துக்கு வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே, அது ஊராட்சிக்கு உட்பட்டதா என்று கேட்டுக்கொள்வது இதனால்தான் அவசியமாகிறது. ஆனால் இரண்டு லட்சம் மானியம் கூடுகிறது என்பதற்காக மும்முனை மின்சாரமும் லாரி வரும் பாதையும் இல்லாத இடத்தைப் பிடிப்பது, கிடைப்பதைவிடக் கூடுதலாக இழக்க வைக்கும்.

எந்தத் திட்டம் பொருந்தும் என்பது தொகையையும் தகுதியையும் பொறுத்தது. மேற்சொன்ன மத்தியத் திட்டத்தில், 2022 திருத்தத்தின்படி, உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரையும் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையும் திட்டமிடலாம். 18 வயது நிறைந்திருந்தால் போதும். வருமான வரம்பு கிடையாது. உற்பத்தியில் 10 லட்சத்துக்கும் சேவையில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட திட்டங்களுக்கு மட்டும் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கேட்கப்படும். கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கே உதவி கிடைக்கும். தமிழ்நாடு அரசின் நீட்ஸ் எனப்படும் புதிய தொழில்முனைவோர் மற்றும் தொழில் நிறுவன மேம்பாட்டுத் திட்டம் இதைவிடப் பெரிய முதலீட்டுக்கு உரியது. பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம், பட்டயம் அல்லது ஐடிஐ முடித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோர், 10 லட்சம் முதல் 5 கோடி வரையிலான திட்டத்துக்கு 25 சதவீத மானியமும் (அதிகபட்சம் 75 லட்சம்), 3 சதவீத வட்டிச் சலுகையும் பெறலாம். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் இவற்றோடு நின்றுவிடாமல், 2023-இல் தொடங்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை முதலில் பார்ப்பது நல்லது; அதில் மானியம் 35 சதவீதம், உச்சவரம்பு 1.5 கோடி, வட்டிச் சலுகை 6 சதவீதம். அரசாணைகளால் வரம்புகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

புதிதாக ஒரு கருவியையோ செய்முறையையோ கண்டுபிடித்தவருக்கு மேற்கண்ட எதுவும் நேராகப் பொருந்தாது. விற்பனையே தொடங்காத பொருளுக்கு வங்கி எளிதில் கடன் தராது. அவர் கிண்டியில் உள்ள தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் புத்தாக்க உதவித் திட்டத்தையோ, புத்தொழில்களுக்கான தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு தரும் டான்சீட் என்ற ஆதார நிதியையோ நாட வேண்டும். டான்சீட் கேட்பவர் மத்திய அரசின் ஸ்டார்ட்அப் இந்தியா அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்பதும், தனிநபர் உரிமை நிறுவனத்துக்கு அந்த அங்கீகாரம் கிடையாது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கூட்டாண்மையாகவோ தனியார் வரையறு நிறுவனமாகவோ பதிவு செய்த பிறகே அந்தப் பக்கம் போக முடியும்.

விண்ணப்பத்தின் உயிர் திட்ட அறிக்கையில் இருக்கிறது. இணைய மையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்கள், வங்கி மேலாளர் கேட்கும் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுகிறார்கள். கணக்காளரின் உதவியைப் பெறலாம், ஆனால் எண்கள் உங்களுடையவையாக இருக்க வேண்டும்: ஒரு கிலோ எண்ணெய்க்கு எத்தனை கிலோ கடலை, அதை எந்தச் சந்தையில் எந்த மாதத்தில் வாங்குவீர்கள், பிண்ணாக்கை யாருக்கு விற்பீர்கள், ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம் செக்கு ஓடும் என்பவற்றை எழுதிப் பாருங்கள். கடலை அறுவடைக் காலத்தில் மொத்தமாக வாங்கி வைக்கும் தொழிலில், இயந்திரத்துக்குப் பணம் கேட்டுவிட்டு நடைமுறை மூலதனத்தை, அதாவது சரக்கு, கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான பணத்தை, குறைத்துக் காட்டுவது பெரும் பிழை. இயந்திரம் நிற்கும், கடலை இருக்காது. நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அறிக்கையோடு ஆதார், பான், கல்விச் சான்று, சாதிச் சான்று, கிராமப்புறச் சான்று, இயந்திரத்துக்கான விலைப்புள்ளி ஆகியவற்றை இணைத்து, பிரதமரின் திட்டத்துக்கான இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். அங்கே வங்கிக் கிளையை நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்பதால், பதிவுக்கு முன்பே அந்தக் கிளைக்குப் போய் மேலாளரிடம் பேசிவிடுங்கள். கடனை ஒழுங்காகத் திருப்பிக் கட்டியதைக் காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணையும் பார்த்துவிடுங்கள். பழைய நகைக் கடனோ கைபேசித் தவணையோ நிலுவையில் இருந்தால், எவ்வளவு நல்ல அறிக்கையும் அங்கேயே நின்றுவிடும். இத்தகைய சிறு தொழில் கடனில் குறைந்தது 10 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால் அதை மரியாதையாக எடுத்துச் சொல்லலாம்.

கடன் ஒப்புதல் வரும்வரை எதையும் வாங்க வேண்டாம். பிரதமரின் திட்டத்தில் முதல் கடன் புதிய தொழிலுக்கு மட்டுமே உரியது. முன்கூட்டியே செக்கை இறக்கி ஓட்டத் தொடங்கிவிட்டால், ஏற்கெனவே நடக்கும் நிறுவனம் என்று விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். ஒப்புதலுக்குப் பின் தொழில்முனைவோர் பயிற்சியை முடித்து, முதல் தவணை வந்ததும் வங்கி வழியாகவே இயந்திரத்துக்குப் பணம் செலுத்துங்கள். குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குக் கட்டணம் கேட்பவர் இடைத்தரகர்.

தொழில் ஓடத் தொடங்கியபின் திட்டத்தின் பெயர் எழுதிய பலகையை வாயிலில் மாட்ட வேண்டும், இது கட்டாயம். நடைமுறை மூலதனக் கணக்கில் பணத்தைத் தொடாமல் வைத்திருப்பதும் சிக்கல்தான், ஏனெனில் மூன்று ஆண்டுக்குள் ஒருமுறையாவது அதை முழு வரம்பு வரை பயன்படுத்தியிருக்க வேண்டும். கொள்முதல் ரசீது, விற்பனைப் பட்டியல், மின்கட்டண அட்டை, சம்பளப் பதிவேடு ஆகியவற்றை ஒரே கோப்பில் மாதந்தோறும் சேர்த்து வாருங்கள். மூன்றாம் ஆண்டு முடிவில் ஆய்வுக்கு வருபவர் முதலில் பலகையைப் பார்ப்பார், அடுத்து அந்தக் கோப்பைக் கேட்பார்.