விஷ முறிவு மருந்து 'இருக்கு' என்றால் போதுமா? வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருவர் பூச்சிமருந்து குடித்துவிட்டார் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் கரைப்பது உப்புத் தண்ணீர், இல்லாவிட்டால் புளித் தண்ணீர். சில ஊர்களில் சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் வரைக்கும் போகிறது. தயவுசெய்து எதையும் கொடுக்காதீர்கள், தொண்டைக்குள் விரலும் விடாதீர்கள். அரை மயக்கத்தில் இருப்பவரை வாந்தியெடுக்க வைத்தால் அது நுரையீரலுக்குள் போகும், வயிற்றில் இருந்த பிரச்சினை மூச்சுப் பிரச்சினையாகிவிடும். குழந்தை மண்ணெண்ணெய் குடித்திருந்தால் இந்த ஆபத்து இன்னும் அதிகம். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மருந்து பட்ட துணியைக் கழற்றிவிட்டு உடம்பை சோப்புப் போட்டுக் கழுவுங்கள் (கழுவுகிறவர் கையில் உறை இருக்கட்டும்), 108-க்கு அடியுங்கள்.

கூடவே அந்த பாட்டிலையும் எடுத்து வாருங்கள். 'கத்தரிக்கு அடிக்கிற மருந்து' என்று சொன்னால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் முள்கத்தரித் தோட்டத்தில் ஒரு பருவத்திலேயே பல மருந்து மாற்றி மாற்றி அடிக்கிறார்கள், ஒவ்வொன்றும் உடம்பில் வேலை செய்யும் விதம் வேறு. லேபிளில் பிராண்ட் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் ரசாயனப் பெயர்தான் முக்கியம். கூல் டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கத்தால் அந்தப் பெயரும் தொலைகிறது, தாகத்தில் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடவும் செய்கிறார்கள்.

இன்னொன்று, மறைப்பது. 'போலீஸ் கேஸ் ஆகிடும்' என்று பயந்து 'சாப்பாடு ஒத்துக்கலை' என்று சொல்லிச் சேர்க்கிற குடும்பங்கள் உண்டு. அவசர சிகிச்சைதான் முதலில், சட்ட நடைமுறை அப்புறம் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே சொல்லிவிட்டது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம். அதனால் உண்மையைச் சொல்லுங்கள். போலீஸ் கேஸ் என்று காரணம் காட்டி முதலுதவி கூடச் செய்யாமல் திருப்பி அனுப்பும் ஆஸ்பத்திரிக்கும் இதே பதில்தான்.

சரி, இனி ஆஸ்பத்திரிப் பக்கம். சில பூச்சிமருந்துகளுக்கு முறிவு மருந்து அட்ரோபின். சின்ன ஆஸ்பத்திரி பார்மசியில் 'அட்ரோபின் இருக்கா?' என்று கேட்டால் 'இருக்கு' என்று பதில் வரும். எத்தனை? ஒரு பெட்டி, இரண்டு பெட்டி. இந்த இடத்தில்தான் கணக்கு தப்புகிறது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துக்கு முதல் டோஸ் 1.8 மில்லிகிராம் என்று வைப்போம். 0.6 மில்லிகிராம் ஆம்ப்யூலில் (சின்ன ஊசிமருந்துக் குப்பி) அது 3. நெஞ்சில் சளி குறையாவிட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை டோஸை இரட்டிக்க வேண்டும், அதாவது 6, 12, 24. கால் மணி நேரத்தில் 45 ஆம்ப்யூல் போய்விட்டது. அதன் பிறகு, கொடுத்த மொத்த அளவில் மணிக்கு 10 முதல் 20 சதவீதம் டிரிப்பில் ஓட வேண்டும். குறைந்த கணக்கில் பார்த்தாலும் முதல் நாளுக்கே நூறைத் தாண்டும். ஆகப் பெட்டிக்குப் பத்து ஆம்ப்யூல் என்றால், இரண்டு பெட்டி வைத்திருக்கும் இடம் ஒரு நோயாளிக்குக்கூடத் தயாராக இல்லை. ஸ்டாக்கை ஆம்ப்யூல் கணக்கில் எழுதாமல், 'எத்தனை பேருக்கு, எத்தனை மணி நேரத்துக்கு' என்று எழுதிப் பாருங்கள், பார்மசி ரிஜிஸ்டரே வேறு மாதிரி தெரியும்.

அட்ரோபின் கொடுப்பதிலும் பழைய பழக்கம் ஒன்று போகவில்லை. கண்மணி விரிந்ததும் 'போதும்' என்று நிறுத்துவது தவறு, நாடித்துடிப்பு வேகமாக இருக்கிறது என்று ஆரம்பிக்காமல் இருப்பதும் தவறு. பார்க்க வேண்டியது நுரையீரல் தெளிந்ததா, ரத்த அழுத்தம் தேறியதா, அக்குள் காய்ந்ததா என்பதைத்தான். அளவு மீறினால் பிதற்றல், காய்ச்சல், குடல் சத்தம் அடங்குவது என்று தெரியும். வேலூர் கத்திரி வெயிலில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அட்ரோபின் வியர்வையை நிறுத்திவிடும், மின்விசிறி மட்டும் சுற்றும் வார்டில் உடம்புச் சூடு கிடுகிடுவென ஏறும்.

மருந்து போதுமான அளவு இருந்தும், இரவில் பார்மசி சாவி வீட்டுக்குப் போன ஒருவரிடம் இருந்தால் என்ன பிரயோஜனம்? அவசரப் பிரிவிலேயே முத்திரை வைத்த ஒரு பெட்டி இருக்கட்டும். அட்ரோபின், பாம்பு விஷ முறிவு மருந்து, அட்ரினலின், நியோஸ்டிக்மின், என்-அசிட்டைல்சிஸ்டீன், வைட்டமின் கே, கால்சியம் குளுக்கோனேட், மருத்துவக் கரித்தூள் எல்லாம் அதில். காலாவதி நெருங்குவதை, கேஸ் அதிகம் வரும் பெரிய ஆஸ்பத்திரியோடு முன்கூட்டியே பேசி மாற்றிக்கொள்ளலாம். தூக்கிப் போடுவதை நினைத்துக் குறைவாக வாங்குவதுதான் பல இடத்தில் நடக்கிறது.

பாம்புக்கடியில் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, மந்திரிப்பு எல்லாமே கூடாது. இது பலருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது கட்டுவிரியன் விஷயம். தரையில் தூங்குகிறவரை இரவில் கடிக்கும், வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, விடியற்காலை வயிற்று வலி என்று எழுவார். 'கேஸ் டிரபிள்' என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டால் அடுத்து இமை தொங்கும், மூச்சுத் தசை தளரும். மருத்துவமனைக்குள்ளே நடக்கும் தவறுகள் இரண்டு. குழந்தைதானே என்று முறிவு மருந்தைக் குறைப்பது முதலாவது. பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தை அளந்து ஏற்றுவதில்லை, பெரியவருக்கு 10 குப்பி (வயல்) என்றால் குழந்தைக்கும் 10-தான். இரண்டாவது, ரத்தம் உறையும் 20 நிமிடச் சோதனையை பிளாஸ்டிக் குழாயிலோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயிலோ செய்வது. உலர்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாய் இல்லாவிட்டால் முடிவு பொய்யாகும். மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில் மின்சாரம் அடிக்கடி போகும் என்றால் ஃபிரிட்ஜை நம்பும் திரவ வகை முறிவு மருந்தைவிடப் பொடி வகை நல்லது. பொடியைக் கரைக்கும்போது குலுக்காமல் மெதுவாகச் சுழற்றுங்கள்.

'தெளிஞ்சிட்டார்' என்று அவசரமாக வீட்டுக்குக் கூட்டிப்போவது எனக்கு மிகவும் கவலை தருவது. எலி பேஸ்ட்டில் முதல் நாள் வாந்தியோடு எல்லாம் அடங்கியது போலிருக்கும், கல்லீரல் கெடுவது இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். பாராசிட்டமால் அதிகமாகப் போட்டவரும் அப்படித்தான், 8 மணி நேரத்துக்குள் என்-அசிட்டைல்சிஸ்டீன் தொடங்கினால் கல்லீரலைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு, அவரோ அந்த நேரத்தில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். பூச்சிமருந்து குடித்துத் தேறியவருக்கு முதல் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் நடுவில் கழுத்துத் தசை தளர்ந்து மூச்சு நிற்கலாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்லுங்கள், முடியவில்லை என்றால் உடனே வெண்டிலேட்டர் இருக்கும் இடம். ஒடுவந்தழை என்ற விஷத் தழையின் சாறு குடித்தவருக்குப் பொட்டாசியமும் ஈசிஜியும் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும், ஒருமுறை நார்மல் வந்தது என்று விடக்கூடாது.

மனநல மருத்துவர் பார்க்காமல் டிஸ்சார்ஜ் கொடுக்க வேண்டாம், கேட்கவும் வேண்டாம். வீடு திரும்பும் முன் உறவினர் ஒருவர் மீதி இருக்கும் மருந்தையெல்லாம் எடுத்துப் பூட்டி, சாவியை வேறு வீட்டில் வைக்கட்டும். இரவில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 104 (சுகாதார உதவி எண்), 14416 (மனநல உதவி எண்) இரண்டையும் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.