குவிமாடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்: ஆஸ்டின் கேபிடலில் பலர் செய்யும் தவறுகள்

டெக்சஸ் மாநிலத்தின் சட்டமன்றக் கட்டிடமான ஆஸ்டின் கேபிடலைக் காசில்லாமலே சுற்றிப் பார்க்கலாம். அதனாலோ என்னவோ, பலர் வட்டக்கூடத்தின் நடுவில் நின்று, அண்ணாந்து குவிமாடத்தை ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். இலவச வழிகாட்டிச் சுற்றும் இருக்கிறது. அதையும் விட்டுவிடுகிறார்கள்.

நிற்கும் இடத்திலேயே கீழேயும் பாருங்கள். தரையில் இருக்கும் நட்சத்திரம் மாநிலச் சின்னம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது டெக்சஸ் குடியரசின் முத்திரை. 1836இல் மெக்சிகோவிலிருந்து பிரிந்து, 1845இல் அமெரிக்காவோடு இணையும்வரை டெக்சஸ் தனி நாடு. சுற்றிலும் இருப்பவை ஸ்பெயின், பிரான்ஸ் உட்பட இந்த மண்ணை ஆண்ட மற்ற ஐந்து அரசுகளின் முத்திரைகள். சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் ஆளுநர் படங்களைக் கீழ்த்தளத்தில் ஆரம்பித்தால் வரலாறு தலைகீழாகத்தான் போகும். புதியவர் படம் கீழே வரும்போது பழையவை ஒவ்வோர் இடமாக நகர்கின்றன. காலவரிசை வேண்டுமானால் மேலிருந்து இறங்கி வாருங்கள்.

“அமெரிக்க நாடாளுமன்றம் கூடும் வாஷிங்டன் கேபிடலைவிட இது பெரியது” என்று வீட்டுக்கு வாட்ஸப் அனுப்பும் முன் கொஞ்சம் பொறுங்கள். உயரத்தில்தான் இது மிஞ்சுகிறது. சுமார் 302 அடி, அங்கே 288. பரப்பளவில் வாஷிங்டன்தான் பெரிது.

என்னைக் கேட்டால், பெரிய தவறு வேறு. இளஞ்சிவப்புக் கல் அழகாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வது. இதைக் கட்டியவர்கள் யார், கூலி எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் கட்டிடம் பேச ஆரம்பிக்கும். பழைய கேபிடல் 1881இல் எரிந்துபோனது. புதியதைக் கட்ட அரசிடம் பணம் இல்லை, நிலம் இருந்தது. கட்டித்தந்த சிகாகோ முதலீட்டாளர்களுக்கு மாநிலத்தின் வடகோடியில் 30 லட்சம் ஏக்கரை எழுதிக் கொடுத்தது. அதுதான் பிறகு எக்ஸ்ஐடி என்ற மாபெரும் மாட்டுப் பண்ணை ஆனது.

வெளிச்சுவருக்கு முதலில் நினைத்தது சுண்ணாம்புக்கல். உள்ளூர்க் கல்லில் இரும்புச் சத்து இருந்ததால் துருக்கறை படிந்தது. அப்புறம்தான் பர்னெட் மாவட்டத்துக் கிரானைட்டுக்கு மாறினார்கள். அந்தக் கிரானைட் மலையின் சொந்தக்காரர்கள் கல்லை இலவசமாகவே கொடுத்தார்கள். அதை வெட்டியெடுக்கச் சிறைக் கைதிகளை அனுப்பியது அரசு. இதை எதிர்த்து கல்தச்சர் சங்கம் வேலையைப் புறக்கணித்தது. ஒப்பந்ததாரர் ஸ்காட்லாந்தின் அபர்டீனிலிருந்து கல்தச்சர்களை வரவழைத்தார். வெளிநாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவரக் கூடாது என்று 1885இல்தான் சட்டம் வந்திருந்தது. வழக்கும் வந்தது, அபராதமும் விழுந்தது. 1888இல் கட்டிடம் திறக்கப்பட்டது. இவ்வளவும் தெரிந்தபின் அந்தச் சுவரைத் தொட்டுப் பாருங்கள்.

வெளியே தெற்குப் புல்வெளியை நிழலுக்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள். உள்நாட்டுப் போரில் அடிமைமுறை மாநிலங்களின் பக்கம் நின்ற வீரர்களுக்கு 1903இலேயே நினைவுச்சின்னம் எழுந்துவிட்டது. மெக்சிகோ வழிவந்த தெஹானோ மக்களுக்கு 2012இல்தான். ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு 2016இல். ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தாலே போதும், யார் எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பது புரிந்துவிடும்.

வடபக்கம் தரைக்கடியில் 1993இல் திறந்த விரிவாக்கப் பகுதி ஒன்று இருக்கிறது. பழைய கட்டிடத்தை மறைக்கக் கூடாது என்றுதான் மண்ணுக்குள் கட்டினார்கள். அதனாலேயே பலர் கண்ணில் படுவதில்லை. குவிமாடத்தின் உச்சியில் இப்போது நிற்கும் சுதந்திர தேவி சிலையும் 1986இல் வைத்த நகல். அசல் சில தெருக்கள் தள்ளி புல்லக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முகம் கரடுமுரடாக இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். தூரத்திலிருந்து தெரிவதற்காக அப்படிச் செய்தது.

சட்டமன்ற விவாதத்தைப் பார்க்க ஆசையென்றால் ஆண்டைப் பார்த்துக் கிளம்புங்கள். வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் தொடங்கி அதிகபட்சம் 140 நாள்தான். மற்ற நேரங்களில் இருக்கைகள் காலியாக இருக்கும், ஆனால் நிதானமாகச் சுற்றலாம். கோடையில் போகிறவர்கள் புல்வெளியைக் காலையிலேயே முடித்துக்கொண்டு உள்ளே நுழைவது நல்லது. ஆஸ்டின் வெயில் மதியத்தில் சும்மா விடாது.