ஓபரா பாத்திரத்தைக் கற்கும் முறை: தொண்டைக்கு வேலை கடைசியில்

ஓபராவில் முதல் ஒத்திகைக்கே முழுப் பாத்திரமும் மனப்பாடமாக இருக்க வேண்டும். 1786-இல் வியன்னாவில் அரங்கேறிய மொசார்ட்டின் ‘ஃபிகரோவின் திருமண’த்தில் பணிப்பெண் சுசானா ஏறக்குறைய நாடகம் முழுக்க மேடையில் நிற்கிறாள், இசை மட்டும் மூன்று மணி நேரத்தை ஒட்டி வரும். அப்படிப்பட்ட வேடத்துக்கு மூன்று மாதமாவது ஒதுக்குங்கள். முதல் மூன்று வாரம் முழுக்குரலில் ஒரு வரிகூடப் பாட வேண்டாம். தெரியாத சுரத்தைத் தேடும்போது தொண்டை இறுகும். அந்த இறுக்கத்தையும் பாட்டோடு சேர்த்துத் தசை பழகிக்கொள்ளும்; பிறகு அதைக் கழற்றுவது பெரும்பாடு.

அரங்கம் எந்தப் பதிப்பை வைத்திருக்கிறது, எந்தப் பகுதிகளை வெட்டியிருக்கிறது என்பதை முதலிலேயே கேட்டு வாங்குங்கள். வெட்டிய பக்கங்களை உழைத்துப் படித்தால், மேடையில் வாய் தானாக அங்கே போய் நிற்கும். பிரதியில் உங்கள் வரிகளுக்கு வண்ணமிடுங்கள். ஒவ்வொரு நுழைவுக்கும் முன்னால் யார் என்ன பாடுகிறார், எந்த வாத்தியம் கேட்கிறது என்பதைப் பென்சிலால் வட்டமிடுங்கள்.

அடுத்தது சொல். ஒவ்வொரு சொல்லுக்கும் நேர்ப்பொருளை அதன் மேலேயே எழுதுங்கள். மற்றவர்கள் பாடும் வரிகளுக்கும் சேர்த்துத்தான். அவர்கள் பாடும்போது நீங்கள் கேட்டு முகம் காட்ட வேண்டும். உச்சரிப்பில் நம் நாக்குக்கு ஒரு வசதியும் ஒரு வில்லங்கமும் உண்டு. இத்தாலியத்தில் ‘பேனா’ என்றால் வேதனை, ‘பென்னா’ என்றால் எழுதுகோல். கனி, கன்னி என்று பிரித்துப் பழகியவர்களுக்கு இந்த இரட்டை மெய் எளிது. ஆனால் உயிரெழுத்துகளுக்கு நடுவில் வரும் ‘க’வை நாம் மெலிதாக்கிவிடுவோம். ‘அமீகோ’வில் (நண்பன்) அது ‘பக்க’த்தில் வரும் வல்லினம் போலவே ஒலிக்க வேண்டும், இரட்டிக்காமல். ஜெர்மனில் சொல்லின் கடைசி ‘ட்’ (d) எழுத்தில் மெலிதாக இருந்தாலும் ஒலியில் வல்லினம்தான்.

பிறகு தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை இசையின் வேகத்தில் பாதிக்கு வைத்து, சுரமே இல்லாமல் சொற்களைத் தாளத்தில் பேசுங்கள். மூன்று முறை தடுமாறாமல் வந்தால்தான் அடுத்த பக்கம். பேச்சு போல வரும் ரெசிட்டேட்டிவோவைத் தாளத்தில் உறுதியாகப் படித்துவிட்டு, அப்புறம் பேச்சு வேகத்துக்கு விடுங்கள். முதல் நாளிலேயே தளர்த்தினால் கடைசிவரை குழப்பம்தான்.

இப்போது சுரம். பியானோவில் வாசித்து, உதடுகளை அதிரவிட்டோ ‘ங்’ என்றோ பாடுங்கள். உச்ச வரிகளை ஒரு ஸ்தாயி கீழே. அடுத்து உயிரெழுத்துகள் மட்டும். மெய்களைச் சேர்ப்பது அதற்குப் பின்பு. உச்சப் பெண்குரலான சோப்ரானோ மேலே ஏறும்போது ‘இ’ கிறீச்சிடும். காரணம் எளிது: ‘இ’யின் முதல் ஒத்ததிர்வு (வாயும் தொண்டையும் தாமாகவே வலுப்படுத்தும் ஒலி) சுமார் 300 ஹெர்ட்ஸில் இருக்கிறது, மேல் ‘ஏ’ (A) சுரமோ 880 ஹெர்ட்ஸ். தாடையைத் தளர்த்தி வாயைத் திறந்து, ‘இ’யை ‘எ’ பக்கம் சாயவிட்டால்தான் குரல் மலரும். முழுக்குரலில் 20 நிமிடம் பாடினால் 10 நிமிடம் ஓய்வு.

மனப்பாடத்தைக் கடைசிக் காட்சியிலிருந்து தொடங்குங்கள். சுசானாவின் பெரிய தனிப்பாடல் நாலாம் அங்கத்தில், பாடிக் களைத்த பிறகு வருகிறது. அதுவும் நடு ‘சி’க்குக் கீழுள்ள ‘ஏ’ வரை இறங்குகிறது. களைத்த குரலில் கீழ்ச்சுரத்தை அழுத்தினால் அடைத்துப்போகும். அழுத்தாமல் சொல்லைத் தெளிவாகச் சொன்னால் போதும். ஒலிப்பதிவைக் கேட்டுப் படிக்கவே வேண்டாம். இன்னொருவரின் மூச்சும் தவறுகளும் உங்களிடம் குடியேறிவிடும்.

ஒத்திகையில் குரலைச் சேமிக்கத் தணிந்த குரலில் பாடலாம், ஆனால் மூச்சின் பிடி தளரக்கூடாது. காற்று கலந்த கிசுகிசுப்பும் தொண்டையை வதைக்கலாம். இசைக்குழுவோடு முதன்முதலாக உட்கார்ந்து பாடும் ஒத்திகையில் நீங்கள் நுழைவதற்குப் பியானோவில் கேட்டுப் பழகிய குறிப்பு ஓபோவிலோ வயோலாவிலோ ஒளிந்திருக்கும். பென்சில் வட்டங்கள் அங்கேதான் கைகொடுக்கும். மேடைக்கு இசை சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். அதனால் காதை நம்பாமல் நடத்துநரின் கோலைப் பார்த்துப் பாடுங்கள்.