பழைய டிரக்கை வைத்துக்கொள்வதா, விற்பதா? முடிவெடுக்க ஒரு செய்முறை

ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திய வண்டி ஒன்று நிற்கிறது. என்ஜின் பாதி கழற்றிய நிலை. நட்டு, போல்ட் எல்லாம் ஒரு டப்பாவில் கலந்து கிடக்கின்றன. அடுத்த மாதம் ஆரம்பித்துவிடலாம் என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருடம் ஓடிவிட்டது. "இதை என்னதான் செய்யப் போறே?" என்று வீட்டில் யாராவது கேட்டால் மட்டும் சுள்ளென்று கோபம் வருகிறது. உங்கள் கதையும் இதுதான் என்றால் மேலே படியுங்கள்.

என்னிடம் இப்படி இரண்டு பிக்கப் டிரக்குகள் இருந்தன. ஒன்றை விற்றேன், மற்றது இன்னும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே முறையில்தான் முடிவெடுத்தேன்: முதலில் வண்டியைக் கேட்பது, அடுத்து காலண்டரைக் கேட்பது, காசைக் கடைசியில் கேட்பது. பெரும்பாலானவர்கள் காசில் ஆரம்பித்து அங்கேயே மாட்டிக்கொள்கிறார்கள்.

சுத்தியல், ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், டார்ச், சின்னக் காந்தம், ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்டு, கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் கருவி), ஒரு நோட்டு. இவை போதும். கேஜ் இல்லையென்றால் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 1: காகிதங்கள்

பத்து நிமிட வேலை. வண்டி உங்கள் பெயரில்தான் இருக்கிறதா, பத்திரத்தில் உள்ள சேசிஸ் நம்பரும் வண்டியில் அடித்திருக்கும் நம்பரும் ஒன்றுதானா என்று பாருங்கள். இதில் சிக்கல் இருந்தால் வைத்துக்கொண்டாலும் தொல்லை, விற்றாலும் தொல்லை. ஸ்பேனரைத் தொடும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.

படி 2: கீழே படுத்துப் பாருங்கள்

முடிவின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கியதும் ஜாக் ஸ்டாண்டில் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடவே கூடாது.

இப்போது சேசிஸ் நெடுக, அதாவது வண்டியின் பளு முழுவதையும் தாங்கும் இரும்புச் சட்டம் நெடுக, சுத்தியலால் லேசாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று கணீரென ஒலிக்கும். அரித்துப்போன இடம் 'டப்' என்று செத்த சத்தம் தரும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திக் குத்துங்கள். மேலே பொடியாகப் படிந்திருக்கும் துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம், பயமில்லை. அப்பளம் போல அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தால் இரும்பின் கனம் குறைந்துகொண்டிருக்கிறது. ஸ்க்ரூடிரைவர் உள்ளேயே போய்விட்டால் அங்கே இரும்பே மிச்சமில்லை.

பின்பக்க ஸ்பிரிங் பட்டை சேசிஸில் மாட்டும் இடம், பின் ஆக்சிலுக்கு மேலே சேசிஸ் வளையும் இடம், கேபின் உட்காரும் ரப்பர் மவுண்டுகளின் சுற்றுப்புறம், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட் ஏறும் இடம் இவற்றையெல்லாம் தவறாமல் பாருங்கள். மண்ணும் தண்ணீரும் தங்கும் மூலைகளில்தான் துரு முதலில் பிடிக்கும். பெட்டி போல மூடிய சேசிஸ் உள்ளிருந்து அரிக்கும், வெளியே பார்த்தால் பெயின்ட் பளபளவென்று இருக்கும். அடியில் மட்டும் புதிதாகக் கெட்டியான கறுப்புப் பூச்சு தெரிந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

என் முதல் டிரக்கை இப்படித்தான் இழந்தேன். இடது பின்பக்கப் பட்டை மாட்டும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பெரிய பலம்கூடக் கொடுக்கவில்லை, கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தபோது ஒரு கைப்பிடி பழுப்புத் தூள் முகத்தில் கொட்டியது. அந்த வண்டிக்கு ஆசையாசையாகப் புது சீட் கவர் வாங்கி வைத்திருந்தேன்.

கதவு, ஃபெண்டர், பின்பெட்டி போன்றவற்றில் ஓட்டை இருந்தால் மனசு உடைய வேண்டாம். மாற்றலாம், அல்லது வெட்டி ஒட்டலாம். காந்தத்தை பாடி மேல் ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் பள்ளத்தையும் ஓட்டையையும் மறைக்கப் பூசிய பட்டிதான் கெட்டியாக இருக்கிறது. சேசிஸ் மட்டும் வேறு கதை. பளு தாங்கும் இடத்தில் அது அரித்திருந்தால், வெல்டிங்கில் நல்ல அனுபவம் உள்ளவர் பார்க்காமல் "சரி பண்ணிக்கலாம்" என்று முடிவு செய்யாதீர்கள்.

படி 3: என்ஜின்

நெடுநாள் நின்ற வண்டியில் சாவியைத் திருக வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பேனர் போட்டு, கியர் நியூட்ரலில் இருக்க, என்ஜின் வழக்கமாகச் சுற்றும் திசையிலேயே கையால் சுற்றுங்கள். சுற்றினால் பாதி நிம்மதி. அசையவே இல்லையென்றால் முரட்டுத்தனம் காட்டாமல் இன்னும் சில நாள் ஊற வையுங்கள்.

அடுத்து கம்ப்ரஷன். பெட்ரோல் என்ஜினுக்குச் சொல்கிறேன். டீசலில் அழுத்தம் இரண்டு மூன்று மடங்கு இருக்கும், அதற்குத் தனி கேஜ் வேண்டும். பெட்ரோல் டியூபையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, பிளக் எல்லாம் வெளியே இருக்கும்போதே ஸ்டார்ட்டரைச் சில நொடி சுற்ற விடுங்கள். ஊற்றிய ஆயில் தெறித்து வெளியேறிவிடும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டராக அளந்து எழுதுங்கள். நல்ல என்ஜின்களில் பெரும்பாலும் 120 முதல் 180 பி.எஸ்.ஐ. வரை காட்டும். அந்த எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம்தான் அதிகம் பேசும். மிகக் குறைந்த சிலிண்டர், மிக அதிகமான சிலிண்டரின் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது.

குறைந்த சிலிண்டரில் மறுபடி ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு அளந்து பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவே ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மேல்மூடிக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கலாம். மூன்றும் சரிசெய்யக்கூடியவைதான், எடுக்கும் நேரம்தான் வேறு வேறு.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலை இறக்கிவிடுங்கள். சில மாதங்களிலேயே அது கெட ஆரம்பித்துவிடும். நான் ஒருமுறை சோம்பல்பட்டு அப்படியே ஸ்டார்ட் செய்து, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்தேன். டயர் ஓரத்தில் உள்ள தேதிக் குறியையும் பாருங்கள். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-வது வாரம். மூன்றே இலக்கம்தான் இருக்கிறதா? அந்த டயர் 2000-க்கு முன் செய்தது, அதில் தெருமுனை வரைகூட ஓட்டாதீர்கள்.

படி 4: மணிக்கணக்கு

இப்போது நோட்டை எடுங்கள். மீதி வேலைகளை நாலு தலைப்பில் எழுதுங்கள்: நிற்க (பிரேக்), திரும்ப (ஸ்டியரிங்), ஓட (என்ஜின்), அழகாக (பாடி, பெயின்ட்). ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மணி நேரம் என்று போட்டு, அந்த எண்ணை அப்படியே இரண்டால் பெருக்குங்கள். பழைய வண்டியில் பத்து போல்ட் கழற்றப் போனால் எட்டு கழலும், ஒன்று வழுக்கும், ஒன்று தலை ஒடிந்து உள்ளேயே தங்கும். அந்த ஒன்றைத் துளையிட்டு எடுக்க அரை நாள் போகும்.

பிறகு ஒரு சங்கடமான கேள்வி: கடந்த 12 மாதத்தில் இந்த வண்டியில் உண்மையாக எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள்? பக்கத்தில் நின்று டீ குடித்தது கணக்கில் வராது. 300 மணி நேர வேலை பாக்கி இருந்து, போன வருடம் 40 மணி நேரம் செய்திருந்தால், முடிக்க ஏழரை வருடம் ஆகும். அதுவரை வண்டி காத்திருக்கும், துரு காத்திருக்காது.

படி 5: காசு

இதுவரை செலவழித்ததை எந்தக் கட்டத்திலும் எழுதாதீர்கள். வைத்துக்கொண்டாலும் விற்றாலும் அது திரும்பி வராது. இன்று விற்றால் என்ன கிடைக்கும், ஓட வைக்க இன்னும் எவ்வளவு ஆகும், நிறுத்தி வைக்க எவ்வளவு ஆகிறது, இந்த மூன்று மட்டும் போதும். எழுதிய பின், இதே நிலையில் இந்த வண்டி வேறு யாருடையதாகவோ இருந்து, அதே விலைக்கு வந்தால் வாங்குவேனா என்று கேட்டுப் பாருங்கள்.

அப்பா ஓட்டிய வண்டி, தாத்தாவின் வண்டி என்றால் இந்தக் கணக்கு செல்லாது. அது நியாயமான காரணம்தான், யாரும் கேலி செய்ய வேண்டியதில்லை. ஆனால் சேசிஸ் போயிருந்தால் ஸ்டியரிங் வீலையோ முன் கிரில்லையோ கழற்றிச் சுவரில் மாட்டிக்கொண்டு மிச்சத்தை அனுப்பிவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

படி 6: ஆறு வாரச் சோதனை

இன்னும் இழுபறியாக இருந்தால் 'நிற்க' தலைப்பிலிருந்து ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பிரேக் ஆயிலை மாற்றி, நான்கு சக்கரத்திலும் பிரேக் பிடிக்க வைப்பது நல்ல தேர்வு. ஆறு வாரத்தில் முடித்துவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள். தார்ப்பாயைக்கூட எடுக்கவில்லையென்றால் விற்றுவிடுங்கள். இந்த வேலை வீணாகாது: ஸ்டார்ட் ஆகி, பிரேக் போட்டால் நிற்கும் வண்டிக்கு வாங்குபவர் கூடுதலாகக் கொடுப்பார். பெயின்ட்டுக்கு மட்டும் செலவு செய்யாதீர்கள், அந்தக் காசு திரும்பாது.

விற்பதென்றால் கழற்றிய பாகங்களைத் தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதி வண்டியோடு கொடுங்கள். துருப்பிடித்த இடத்தையும் போட்டோ எடுத்துக் காட்டுங்கள், பேரம் சீக்கிரம் முடியும். வைத்துக்கொள்வதென்றால் முதல் வேலையாக அந்த பிளாஸ்டிக் தார்ப்பாயைத் தூக்கிப் போடுங்கள். ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதே அதுதான், காற்றுப் போகும் உறை வாங்குங்கள். பேட்டரியைக் கழற்றி அவ்வப்போது சார்ஜ் செய்யுங்கள், முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும்.

என் இரண்டாவது டிரக் அந்தச் சோதனையில் ஐந்தாவது வாரமே தேறிவிட்டது. இப்போது பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. கதவு இரண்டும் இன்னும் வேறு வேறு நிறம்தான்.