காட்டில் தனியாக மாட்டிக்கொண்ட பிள்ளையின் கதையை எழுதுவது எப்படி?

ஒன்பது, பத்து வயது வாசகர்களுக்காகக் காட்டில் பிழைக்கும் கதை எழுதப் போகிறீர்கள் என்றால், முதலில் கரடி, புலி எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். மிருகம் துரத்துவது இரண்டு பக்கத்துக்குத் தாங்கும், அவ்வளவுதான். குளிரும் தாகமும் பயமும் கடைசிப் பக்கம் வரை கூடவே வரும்.

பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்வரை கதை நகராது. நம்பும்படியான ஒரு காரணத்தோடு அவர்களைச் சீக்கிரம் விலக்கிவிடுங்கள்.

அப்புறம் உடம்பு கேட்கிற வரிசையில் போங்கள். புதிதாக எழுதுகிறவர்கள் பலர் பிள்ளையை உடனே பழம் தேட அனுப்பிவிடுகிறார்கள். சாப்பாடு இல்லாமல் உடம்பு வாரக்கணக்கில் தாங்கும், தண்ணீர் இல்லாமல் ஏறக்குறைய மூன்று நாள், ஆனால் நனைந்த உடையோடு காற்றில் உட்கார்ந்திருந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து வரலாம், அதற்குப் பனி கொட்ட வேண்டும் என்றுகூட இல்லை, 10 டிகிரி செல்சியஸே போதும். முதலில் நடுக்கம் வரும், பிறகு விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானைப் போட முடியாது, பேச்சு குழறும், புத்தி மந்தமாகும். இதைப் பாடம்போல விளக்காதீர்கள். உங்கள் நாயகி அந்த ஒரு பொத்தானோடு போராடுவதை அரைப் பக்கம் எழுதுங்கள், ஆபத்து எவ்வளவு பெரியது என்று வாசிக்கிற பிள்ளைக்கே புரிந்துவிடும்.

நெருப்பு மூட்டும் காட்சிக்கு மட்டும் இடம் தாராளமாகக் கொடுங்கள். கேரி பால்சன் 1987-இல் எழுதிய 'ஹேட்செட்' நாவலை இதற்காகவே படிக்கலாம். கனடாக் காட்டில் விமானம் விழுந்து தனியாகிவிட்ட 13 வயது பிரையன் கைக்கோடரியால் பாறையில் அடிக்கிறான், பொறி பறக்கிறது, ஆனால் காய்ந்த புல் பற்றவில்லை, 20 டாலர் நோட்டைக் கிழித்துப் போட்டும் பற்றவில்லை, பிர்ச் மரப்பட்டையை மயிரிழையாக உரித்துக் குவித்த பிறகும் மெல்ல ஊதினால்தான் தீ பிடிக்கிறது. ஒவ்வொரு தோல்வியிலும் அவன் ஒன்றைக் கண்டுபிடிக்கிறான், அதனால்தான் படிக்கிற பிள்ளை புத்தகத்தைக் கீழே வைப்பதில்லை. உங்கள் நாயகிக்கும் எதுவும் முதல் முயற்சியில் கைகூட வேண்டாம்.

தனியாக இருப்பவளுக்குப் பேச ஆள் கிடையாது. பக்கம் பக்கமாக யோசிக்க வைத்தால் பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள், அதனால் கைக்கு எப்போதும் ஒரு வேலை கொடுங்கள். இல்லையென்றால் ஒரு தம்பியைக் கூட அனுப்புங்கள், அவன் கேட்கிற கேள்விகளே பாதிக் கதையை நகர்த்திவிடும்.

சரி, ஒரு விஷயத்தில் மட்டும் சமரசமே வேண்டாம். பிள்ளைகள் படித்ததைச் செய்து பார்ப்பார்கள். பறவை தின்ற பழத்தை மனிதரும் தின்னலாம் என்று எழுதவே எழுதாதீர்கள், பறவைக்கு ஒன்றும் செய்யாத பல பழங்கள் நமக்கு விஷம். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்க வைத்த பிறகே குடிக்கட்டும். வழி தவறியது தெரிந்ததும் அலையாமல் ஒரே இடத்தில் இருக்கட்டும், தேடுகிறவர்களுக்கு அதுதான் உதவி.

மீட்புக்குழு தற்செயலாக வந்து நின்றால் படிக்கிற பிள்ளைக்கு ஏமாற்றம்தான். அவள் மூன்று மூன்றாக ஊதிய விசிலோ, எரிகிற நெருப்பில் பச்சை இலையைப் போட்டு எழுப்பிய வெள்ளைப் புகையோ அவர்களைக் கூட்டி வரட்டும். அந்த விசில் அவளிடம் இருப்பதை முதல் அத்தியாயத்திலேயே காட்டிவிடுங்கள்.