சேலத்து வீட்டுக்கு நிலவெப்பக் குளிரூட்டல்: பாறைக்குள் குழாய் இறக்குவதும் அதைப் பேணுவதும்

மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீரை இறைத்துக் குளித்தவர்களுக்கு அது வெதுவெதுப்பாக இருப்பது தெரியும். அதே தண்ணீர் சித்திரை மதியத்தில் உடம்பைக் குளிர்விக்கும். இரண்டு மாதங்களுக்கும் இடையில் மாறியது வெளிக்காற்றுதான். நிலத்தடியில் பெரிய மாற்றம் இல்லை. தரைக்குக் கீழே எட்டுப் பத்து மீட்டர் போய்விட்டால் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைதான் நிலவும், அது அவ்வூரின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலைக்கு நெருக்கமாக இருக்கும். சேலத்தில் அது சுமார் 28 டிகிரி செல்சியஸ். 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் சுமார் 20 டிகிரி. பாறையில் ஆழமாகத் துளை போட்டு, அதற்குள் மூடிய குழாயை இறக்கி, அதில் தண்ணீரைச் சுற்றவிட்டு வீட்டின் வெப்பத்தை நிலத்துக்குள் அனுப்புவதுதான் நிலவெப்பக் குளிரூட்டல். அது பயன்படுத்திக்கொள்வது இந்த நிலைத்தன்மையைத்தான். வெந்நீர் ஊற்றுகளுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

28 டிகிரி என்பது குளிர்ச்சி அல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். பாறைக்குள் சுற்றி வரும் தண்ணீரை நேரே அறைக்குள் ஓடவிட்டால் அறை குளிராது. அறையின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரில் சேர்க்க, கம்ப்ரஸருடன் கூடிய ஹீட் பம்ப் வேண்டும். சாதாரண ஏசி அந்த வெப்பத்தை ஏப்ரல் மாதத்தின் 40 டிகிரிக் காற்றில் கொட்டத் திணறும்போது, ஹீட் பம்ப் அதை 35 டிகிரி அளவில் இருக்கும் தண்ணீரில் கொட்டிவிடுகிறது. அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நான்கு யூனிட் அளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்ற முடிகிறது.

குளிர்நாடுகளின் கையேடுகளை அப்படியே பின்பற்றினால் இங்கே தவறு நேரும். அங்கே கோடையில் நிலத்துக்குள் தள்ளிய வெப்பத்தைக் குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள், கணக்கு நேராகிவிடுகிறது. சேலத்தில் நாம் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம், திரும்ப எடுப்பதில்லை. பாறை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகவே பரப்பும். அளவு தெரியாமல் போட்டால் நான்கைந்து ஆண்டுகளில் துளையைச் சுற்றியுள்ள பாறை சூடேறி, அமைப்பு சாதாரண ஏசியின் நிலைக்கு இறங்கிவிடும். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையிலும் இந்தக் கவலை இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

எனவே வேலை மொட்டை மாடியில்தான் தொடங்குகிறது. மாடிக்கு வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளை ஓடு பதித்து, மேற்குச் சுவருக்கு நிழல் கொடுத்து, ஜன்னல் இடுக்குகளை அடைத்த பிறகே எத்தனை டன் தேவை என்று கணக்கிட வேண்டும். ஒரு டன் குளிரூட்டல் என்பது 3.5 கிலோவாட், கம்ப்ரஸரின் மின்சாரமும் வெப்பமாகச் சேர்வதால் பாறைக்குள் போவது சுமார் 4.4 கிலோவாட். நம் கருங்கல் பாறையில், சூடான நிலத்தையும் நீண்ட கோடையையும் கருத்தில் கொண்டு, துளையின் ஒரு மீட்டருக்கு 40 வாட்டுக்கு மேல் எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது. அப்படியானால் ஒரு டன்னுக்கு 110 மீட்டர், அதாவது 360 அடி. இரண்டு டன்னுக்கு இரண்டு துளைகள் வேண்டும். அவற்றுக்கிடையே குறைந்தது 6 மீட்டர் இடைவெளி வேண்டும். மாடியைச் சீர்செய்து அரை டன் மிச்சப்படுத்தினால் 180 அடித் துளை மிச்சம்.

ஒரே ஒரு படுக்கையறைக்காக இதைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு நல்ல இன்வெர்ட்டர் ஏசி போதும். புதிதாக வீடு கட்டுவோருக்கும், மூன்று நான்கு அறைகளோடு வெந்நீரும் தேவைப்படும் கூட்டுக் குடும்பத்துக்கும் இது பொருந்தும். வெந்நீரைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. ஹீட் பம்பில் டீசூப்பர்ஹீட்டர் என்ற சிறு வெப்பமாற்றியைச் சேர்த்துக்கொண்டால், வெளியே போகும் வெப்பத்தில் ஒரு பகுதி குளியல் தொட்டியின் தண்ணீரை 50 டிகிரி வரை சூடாக்கும். கீசர் மின்சாரம் மிச்சமாவதோடு, பாறையின் மீதான சுமையும் அந்த அளவுக்குக் குறையும். சேலத்தில் இதைத் தவிர்க்கவே கூடாது.

துளை போடுவதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்துத் திருச்செங்கோடு இந்தியா முழுவதற்கும் ரிக் வண்டி அனுப்பும் ஊர். ஆனால் போர் போடுபவர்களின் நோக்கம் தண்ணீர். நமக்கு வேண்டியது நேரான, ஆழம் துல்லியமான துளை. இதை முன்பே பேசி முடித்துவிட வேண்டும். உள்ளாட்சி அமைப்பின் அனுமதி கட்டாயம். ஆழ்துளைக் கிணறுகள் குறித்து உச்ச நீதிமன்றம் 2010இல் வகுத்த வழிமுறைகளின்படி, நில உரிமையாளர் 15 நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் வேலியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். 2019இல் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் குழந்தை சுஜித் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்து இறந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. குழாய் இறக்கும் நாள் வரை, இரவு ஒரு மணி நேரமானாலும் துளை வாயைத் திறந்து விடக்கூடாது.

வற்றிப்போன பழைய போர் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமா என்று பலரும் கேட்கிறார்கள். பயன்படுத்தலாம். கயிற்றில் எடை கட்டி இறக்கி, உள்ளே சரிந்திருக்கிறதா, எத்தனை அடி மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆறரை அங்குலத் துளையாக இருந்தால் 110 மீட்டரை நிரப்ப குழாயைச் சுற்றி ஊற்றும் களிமண் கலவை 2,000 லிட்டருக்கு மேல் தேவைப்படும். புதிதாக நாலரை அங்குலத்தில் போட்டால் அதில் பாதிக்கும் குறைவு. பழைய போர் இலவசம் என்று எண்ணாமல் இந்தச் செலவையும் ஒப்பிட வேண்டும். குடிநீர் தரும் போரை இதற்குத் தொடக்கூடாது.

துளைக்குள் இறங்குவது 32 மில்லிமீட்டர் எச்டிபிஇ (அடர் பாலித்தீன்) குழாய். அடியில் ‘யு’ வடிவ வளைவு தொழிற்சாலையிலேயே சூட்டில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பசையோ, மரை இணைப்போ நிலத்துக்குள் போகவே கூடாது. இறக்கும் முன் குழாயில் தண்ணீர் நிரப்பி அழுத்தச் சோதனை செய்து, அந்த அழுத்தத்தோடே இறக்கி, இறக்கிய பின் மீண்டும் சோதிக்க வேண்டும். பிறகு பென்டோனைட் களிமண்ணும் சிலிக்கா மணலும் கலந்த குழம்பை, அடிவரை விட்ட தனிக் குழாய் வழியாகக் கீழிருந்து மேலாக நிரப்ப வேண்டும். மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று சிக்கிக்கொள்ளும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. “துளையில் தண்ணீர் நிற்கிறது, கலவை எதற்கு?” என்று கேட்பார்கள். பங்குனியில் நிற்கும் தண்ணீர் வைகாசியில் வெகு ஆழத்துக்கு இறங்கிவிடும் ஊர் இது. அமைப்பு அதிகம் உழைக்க வேண்டிய மாதத்தில் துளை வெறுமையாக இருந்தால் போட்ட பணம் வீண்.

துளைகளிலிருந்து வீட்டுக்கு வரும் குழாய்களை நாலடி ஆழப் பள்ளத்தில், கல் குத்தாதபடி மணல் படுக்கையின் மீது பதித்து, மேலே எச்சரிக்கை நாடா விரித்து மூட வேண்டும். மூடும் முன் அளவுகளோடு படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னாளில் மரம் நடும்போது உதவும்.

குழாயில் நிரப்பும் தண்ணீர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கையேடுகள் உறைதடுப்புத் திரவம் சேர்க்கச் சொல்லும். சேலத்திலும் ஏற்காட்டிலும் தண்ணீர் உறையப் போவதில்லை, எனவே அது தேவையில்லை. ஆனால் போர்த் தண்ணீரும் கூடாது. கருப்பூர், ஜாகீர் அம்மாபாளையம் பக்கத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்) நிலத்தின் தண்ணீர் எவ்வளவு கடினமானது என்பது அங்கே பாத்திரம் கழுவுபவர்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதல் முறை நிரப்பியவர்கள் அவசரத்தில் போர்த் தண்ணீரையே விட்டார்கள். ஓராண்டுக்குள் வெப்பமாற்றியில் வெள்ளைப் படிவு கட்டி ஓட்டம் குறைந்தது. உப்பு நீக்கிய தண்ணீரை நிரப்பி, காற்றை முழுமையாக வெளியேற்றிய பிறகே இயக்க வேண்டும். போர்த் தண்ணீரை எடுத்து ஓடவிட்டு வெளியே விடும் திறந்தநிலை அமைப்பு, தண்ணீர்ப் பஞ்சம் உள்ள இம்மாவட்டத்துக்குச் சற்றும் ஏற்றதல்ல.

மின்பக்கம் மும்முனை இணைப்பாக இருந்தால் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் வேண்டும். மூன்று முனைகளில் ஒன்றில் மின்சாரம் நின்றுபோகும்போது கம்ப்ரஸரைக் காப்பது அதுதான். அறைக்குள் குளிர்நீர்ச் சுருள் வழியே காற்றை வீசும் ஃபேன் காயிலுக்கு வடிகால் சரிவோடு இருக்க வேண்டும். தரைக்குள் குளிர்நீர் ஓடவிடும் முறை சேலத்துக்கு வேண்டாம். மழைக்காலத்தில் தரை வியர்த்துவிடும்.

ஏற்காட்டில் கணக்கு தலைகீழ். அங்கே தேவை மார்கழி, தை மாதங்களின் கதகதப்பும் மழைக்கால ஈரத்தைப் போக்குவதும் வெந்நீரும்தான். தரைக்குள் 35 டிகிரித் தண்ணீர் ஓடினால் போதும். சிறிய அமைப்பே போதுமானதால், இடம் இருந்தால் ஆறடிப் பள்ளத்தில் குழாயைக் கிடையாகப் பதிக்கலாம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ரிக் வண்டியை ஏற்றும் செலவு மிச்சம். சரிவுக்குக் குறுக்காக, காபிச் செடிகளின் வேருக்கும் நிழல் மரங்களின் வேருக்கும் விலகிப் பள்ளம் எடுக்க வேண்டும். மலைப்பகுதிக்குரிய விதிமுறைகளை மண் வெட்டும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பராமரிப்புக்கு முதல் கருவி ஒரு நோட்டு. மாதம் ஒரு முறை, அமைப்பு அரை மணி நேரம் ஓடிய பிறகு, நிலத்திலிருந்து வரும் தண்ணீரின் வெப்பநிலை, நிலத்துக்குப் போகும் தண்ணீரின் வெப்பநிலை, அழுத்தம் ஆகிய மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 11 லிட்டர் ஓடினால் வரத்துக்கும் போக்குக்கும் இடையே 5 முதல் 6 டிகிரி வேறுபாடு இருக்கும். வேறுபாடு கூடினால் ஓட்டம் குறைந்திருக்கிறது: வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது பம்ப் தளர்ந்திருக்கும். வேறுபாடு குறைந்து அறையும் குளிரவில்லையென்றால் கோளாறு கம்ப்ரஸர் பக்கம். வாயுவைக் கையாளத் தெரிந்த மெக்கானிக்கைத்தான் அழைக்க வேண்டும். கோடையில் குழாய் சற்று விரிவதால் அழுத்தம் கொஞ்சம் இறங்கி, குளிர் மாதங்களில் மீளும், அது கசிவல்ல. மீளாமல் இறங்கிக்கொண்டே போனால்தான் கசிவைத் தேட வேண்டும்.

அறை வடிகட்டியை மாதந்தோறும் கழுவுவதும், மாசி மாதத்தில் தண்ணீர் வடிகட்டியையும் வடிகாலையும் சுத்தம் செய்து, மின்பெட்டியில் கம்ப்ரஸரை இயக்கி நிறுத்தும் சுவிட்சான கான்டாக்டருக்குள் எறும்பு புகாமல் இடுக்குகளை அடைப்பதும் வீட்டாரே பார்த்துக்கொள்ளக்கூடிய வேலைகள். ஆண்டுக்கு ஒரு முறை நோட்டைப் புரட்டி, இந்தச் சித்திரையின் வரத்து வெப்பநிலையைச் சென்ற சித்திரையோடு ஒப்பிட வேண்டும். ஆண்டுதோறும் ஒரு டிகிரி ஏறிக்கொண்டே போனால் பாறை களைத்துவிட்டது என்று பொருள். அப்போது வெந்நீருக்குக் கூடுதல் வெப்பத்தைத் திருப்பிவிட வேண்டும், பகல் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும், கார்த்திகை முதல் தை வரை குளிரூட்டலை நிறுத்திப் பாறைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். அதிலும் இறங்காவிட்டால் மூன்றாவது துளைக்கு இடம் பார்க்க வேண்டும்.